மஞ்சள் வைத்த கார்ட்

சயந்தினி கடைக் கதவைத் தள்ளியபோது பஞ்சு ஏற்கனவே மேசையிலிருந்த போத்தல் திரவத்தில் நனைந்திருந்தது. பத்மநாதனின் விரல் நுனியில் அது கார்டின் இடது மேல்மூலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடி மேசைக்கு மேலாக எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கையை எடுங்கோ அண்ணை.”

“உது என்ன பழக்கம் தங்கச்சி? கடைக்குள்ள வந்து ஆளின்ர கையைப் பிடிக்கிறது?”

“நீங்கள் எடுத்தால் நான் விடுறன்.”

பஸ்ஸால் இறங்கி ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. காலையில் பத்மநாதன் போனில் சொன்னது ஒரே வரிதான். “உங்கட தம்பியின்ர அந்தக் கார்ட் வந்திட்டுது, மூலையில மஞ்சள் கறை, துடைச்சு விடுறன்.” அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை. செவன் கிங்ஸில் பஸ் ஏறியதிலிருந்து இங்கே வந்து இறங்கும்வரை அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

பத்மநாதன் பிரான்சிலிருந்து வந்து இங்கே போன் திருத்தும் கடை போட்டவர். முன்பக்கம் உடைந்த ஸ்கிரீன்கள். பின்பக்கம் கண்ணாடி அலமாரி நிறைய விளையாட்டுக்காரர்களின் கார்டுகள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் கார்டுக்கு லென்ஸ் வைத்து விலை சொல்லத் தெரிந்த தமிழன் லண்டனில் தான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மேசையில் கிடந்த கார்டில் அவள் தம்பி நிசாந்தன். லண்டன் எட்மண்டனில் வளர்ந்த பெடியன், அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் சீருடையில், ஹெல்மெட்டோடு, வலது காலை வானத்துக்குத் தூக்கியபடி நின்றான். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டத்தில், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பதற்கென்றே ஒருவன் இருப்பான். நிசாந்தன் அந்த ஒருவன். இந்த அச்சில் உலகத்திலேயே இது ஒன்றுதான். கீழே நீல மையில் கையெழுத்து. வெள்ளைக் கரையின் நான்கு மூலையிலும் மெல்லிய மஞ்சள்.

“உது கறையில்லை” என்றாள் சயந்தினி. “தம்பி தன்ர கையால வைச்ச மஞ்சள்.”

பத்மநாதன் சிரித்தார். “நினைச்சனான். உலகத்தில எங்கட ஆக்கள் மட்டும்தான், விலை நிக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சு அதிலயே மஞ்சள் பூசுவினம். கார்டைப் பார்க்கிறவன் முதல்ல பார்க்கிறது மூலையை.”

“உங்கட மகளின்ர கலியாணக் கார்டிலயும் மூலைக்கு மூலை மஞ்சள் வைச்சுத்தானே அனுப்பினீங்கள்? எங்கட அலுமாரியில இன்னும் கிடக்கு.”

“அதை ஆரும் விலைக்குக் கேக்கேல்லையே பிள்ளை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பிடியை விடவில்லை.

“கேளுங்கோ” என்றார் பத்மநாதன், பொறுமையானவர் போல. “துடைச்சு அனுப்பினால் தரம் பார்க்கிறவன் பத்துக்குப் பத்து போட்டு, பிளாஸ்டிக் உறையில பூட்டித் தருவான். டெக்சஸில ஒருத்தன் வாங்கக் காத்துக்கொண்டு நிக்கிறான். உந்த மஞ்சளோட போனால் ஒண்டு போடுவான். அதுவும் இரக்கப்பட்டு.”

“துடைச்சது பிடிபட்டால்?”

“நான் துடைச்சால் பிடிபடாது.”

“கார்ட் சேக்கிற எல்லாக் குறூப்பிலையும் நான் எழுதுவன்.”

“எழுதுங்கோ. எனக்கு வித்தவன் போட்ட படத்தில மஞ்சளே தெரியாது. அக்காக்காரி அழுகிறா எண்டு சிரிப்பாங்கள். ஏற்கனவே சிரிச்சவங்கள்தானே.”

அது அவளுக்குச் சுட்டது. போன வருடக் கடைசி ஆட்டத்தின் கடைசி உதையில், நிசாந்தன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த நாளே ஊர்பேர் தெரியாதவனெல்லாம் அவனை வைத்துப் பகிடி விட்டான். டொக்டருக்குப் படிக்கச் சொன்னால் பந்து உதைக்கப் போனவன் என்று கோயில் வாசலிலும் கதை ஓடியது. அவன் கார்டுகள் இந்தக் கடையின் மலிவுப் பெட்டிக்குள் போய் விழுந்தன. சயந்தினி சனிக்கிழமைகளில் வந்து அந்தப் பெட்டியைக் கிண்டி, தம்பி ஒருவனை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவாள். பேரம் பேசியதே இல்லை. மற்ற வாடிக்கையாளர் முன்னால் பத்மநாதன் அவளை “கார்ட் விசரி” என்று பைத்தியக்காரியாக்கியது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் வேறொரு கல்லூரி நிசாந்தனைத் தன் அணிக்கு எடுத்தது. பெட்டியில் கிடந்தவன் கண்ணாடி அலமாரிக்கு ஏறினான். அன்று அவன் போனில் கேட்டது ஒன்றே ஒன்று. “அக்கா, அந்த மஞ்சள் கார்ட்டைத் தேடி எடு. முதல் மாட்சுக்கு முதல் அது என்னட்டை இருக்கோணும்.” எடுத்துத் தாறன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

“இப்ப இருக்கிற மாதிரியே எனக்குத் தாங்கோ” என்றாள்.

“துடைச்ச பிறகு அதுக்கு வரப்போற விலை உங்களிட்டை இல்லை.”

“மஞ்சளோட என்ன விலை?”

“மஞ்சளோட அது குப்பை. குப்பையை விக்கிறதுக்கோ நான் கடை திறந்து வைச்சிருக்கிறன்?” அவர் குரலைத் தணித்தார். “விளங்கிக்கொள்ளுங்கோ தங்கச்சி. மஞ்சள் கடையில வாங்கலாம். விலையுள்ள சாமான் கையெழுத்துத்தான். அதுவும் உங்கட தம்பியின்ர கைதானே? அதை நான் தொடவே மாட்டன்.”

சயந்தினி அந்த நீலக் கையெழுத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் இன்னும் ஒன்று இருந்தது. வெளியே போனால் நிசாந்தனின் புது இடத்தையே ஆட்டக்கூடிய ஒன்று. வீட்டுக்கு வெளியே அதை யாரும் வாயால் எடுத்ததில்லை.

அவர் மற்றக் கையால் பஞ்சை மாற்றி எடுத்தார். அவள் உள்ளங்கையைக் கார்டின் மேல் விரித்து வைத்தாள்.

“கையை எடும் பிள்ளை. பொலிசைக் கூப்பிடுவன்.”

“கூப்பிடுங்கோ. வந்தால், அந்தப் போத்தலுக்குள்ள என்ன இருக்கு, எதுக்கு இருக்கு எண்டு முதல்ல உங்களைத்தான் கேப்பாங்கள்.”

முன்பக்கத்தில் போன் திருத்தக் காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். பத்மநாதனின் முகம் இறுகியது. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினார். சின்ன விரல் போயிற்று. மோதிர விரல் போயிற்று. மூலை தெரிந்தது.

சயந்தினி தானாகவே கையை எடுத்தாள்.

“சரி, துடையுங்கோ. ஆனால் மூலையை இல்லை. கையெழுத்தைத் துடையுங்கோ.”

“உங்களுக்கு உண்மையிலேயே விசர்தான்.”

“டெக்சஸ்காரனுக்கு நீங்கள் இதை அனுப்பினால், நானே அவனுக்கு எழுதுவன். என்ர பேர் போட்டு எழுதுவன். தம்பிக்கு என்ன வந்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்.”

“என்னத்தை எழுதுவீங்கள்?”

“இந்தக் கார்ட் கொம்பனியில இருந்து கையெழுத்துக்கு வந்த கிழமை தம்பி வீட்டை நிண்டவன். மாட்சில ஆரோ விழுத்தி, வலக்கையில முழங்கை வரை பிளாஸ்டர். தேத்தண்ணிக் கோப்பை தூக்க ஏலாது. கொம்பனிக்காரன் நாளைக்கே திருப்பி அனுப்பு எண்டு நெருக்கினவன். பிளாஸ்டருக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிண்ட ஒரு விரலால மஞ்சளைத் தொட்டு, நாலு மூலையிலும் வைச்சான். அந்தக் கையால அவனுக்கு ஏலுமாயிருந்தது அவ்வளவுதான்.”

பத்மநாதன் பஞ்சைக் கீழே வைத்தார். லென்ஸை எடுத்து, நீல எழுத்துக்களின் மேல் குனிந்தார். 

“அப்ப இந்தக் கையெழுத்து?”

“அம்மா போட்டது. குசினி மேசையில இருந்து.”