நீச்சல் குளம் வைத்த வீடு

புவனேசனுக்கு ஐம்பத்தாறு வயதில் வேலை போனது. சுங்கைப்பட்டாணியில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் இயந்திரம் பழுதுபார்த்தவர். ஆள்குறைப்பு என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கையில் சேமநிதிப் பணம் இருந்தது. அது கரைந்துவிடுமே என்ற பயமும் இருந்தது.

“பேங்க்ல போட்டு வெச்சிருந்தா என்ன மச்சான் வரப்போகுது? ஒரு ஹோம்ஸ்டே வாங்குங்க. வீடு பாட்டுக்கு நிக்கும், காசு பாட்டுக்கு வரும்,” என்றான் அவர் மனைவியின் தம்பி குணாளன்.

கோத்தா கோலா மூடாவில், மீன் பசாரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மூன்று அறை வீடு ஒன்று அமைந்தது. சேமநிதி பாதி, பேங்க் கடன் பாதி. யோகேஸ்வரி திரைச்சீலை தைத்தாள். புவனேசன் சுவருக்கு வெள்ளை அடித்தார். பிறகு இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் வீடு பூட்டியே கிடந்தது. போன் மட்டும் அடிக்கும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று யார் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான். “அங்கிள், பூல் இருக்கா?” இல்லை என்றால் அடுத்த வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார்கள். பேங்க் தவணைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஒரு வருஷத்தில் மிச்சமிருந்த சேமிப்பும் தேய்ந்தது.

கடைசியாக இருந்ததையும் வழித்தெடுத்து வீட்டின் பின்னால் குளம் வெட்டினார். ஊராட்சி மஜ்லிஸில் அனுமதி கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் என்று கேட்கவில்லை. மூன்று வாரத்தில் வேலை முடிந்து, நீலத் தண்ணீர் பளபளவென்று நின்றது.

“சுத்தி வேலி போட்டுருங்க. சின்னப் பிள்ளைங்க வருவாங்க,” என்றாள் யோகேஸ்வரி.

“போடலாம்லா. மொதல்ல படம் எடுத்து நெட்ல போட்டுக்குவோம். வேலி இருந்தா பூல் சின்னதா தெரியும்.”

அவள் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். பிள்ளைகளைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் புவனேசன் ஒரு பலகை எழுதி வாங்கினார். அதையும் மாட்டவில்லை. புதுச் சுவரில் அசிங்கமாக இருக்கும் என்று ஸ்டோர் அலமாரியில் வைத்துவிட்டார்.

நான்கு மாதம் வீடு நிறைந்தது. சனி, ஞாயிறு ஒன்றுகூடக் காலியில்லை. படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து யோகேஸ்வரியின் கை வெடித்தது. புவனேசன் தூங்கி எழும்போது முகம் தெளிவாக இருந்தது.

பள்ளி விடுமுறையில் பண்டார் பாருவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. லாரி ஓட்டும் தேவன், அவன் மனைவி சாந்தினி, அண்ணன் தம்பி குடும்பங்கள் என்று பதினொரு பேர். தேவனின் மகள் நிலாஷினிக்கு மூன்றரை வயது. வந்த அன்று புவனேசனிடம், “தாத்தா, இந்தத் தண்ணி உங்களோடதா?” என்று கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு சமையல் கேஸ் தீர்ந்துபோகும் போலிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். புவனேசனும் யோகேஸ்வரியும் வேறு கேஸ் தோம்பு எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் முன்கூடத்தில் உட்கார்ந்து மீன் கழுவி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தேவன் முன்வாசலில் நின்று போனில் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். பின்பக்கமாகத் தோம்பைத் தூக்கிக்கொண்டு போன புவனேசன்தான் முதலில் பார்த்தார். தண்ணீரில் ஊதா நிறச் சட்டை ஒன்று குப்புறக் கிடந்தது.

தோம்பைப் போட்டுவிட்டு அப்படியே குதித்தார். தூக்கியபோது குழந்தை கனமே இல்லாமல் இருந்தது. சாந்தினியின் அலறல் தெரு முனைவரை கேட்டது. தேவன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவர்கள் வந்த காடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தன.

வீட்டில் புவனேசனும் யோகேஸ்வரியும் மட்டும் நின்றார்கள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஈரத்தோடு நின்றவர் சட்டென்று ஸ்டோருக்குள் போனார். பலகையும் சுத்தியலும் எடுத்து வந்து, குளத்துக்கு எதிரே சுவரில் நாலு ஆணி அடித்தார். ஒரு ஆணி வளைந்தது. அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேறொன்று அடித்தார்.

“என்னங்க செய்றீங்க?”

“நீ போய் அடுப்ப அணை.”

யோகேஸ்வரி போய் அணைத்தாள்.

மதியம் போலீஸ் வந்தது. பிள்ளை வழியிலேயே போய்விட்டது என்று சார்ஜன் சொன்னார். குளத்தைப் படம் எடுத்தார்கள், பலகையையும் எடுத்தார்கள். பலகை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றார் புவனேசன். யோகேஸ்வரியிடமும் கேட்டார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் அவருக்குத் தட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து போலீஸ் பாலாயிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படிதான் இருந்திருக்கிறது, இது பெற்றோரின் கவனக்குறைவு. புவனேசனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்வரைகூட நிற்கவில்லை. குளத்தில் தண்ணீரை வடித்தார். அன்று சாயந்திரமே யாரோ பெண் கூப்பிட்டு, “அங்கிள், பூல் இருக்கா?” என்று கேட்டாள். அவர் போனை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு பண்டார் பாருவுக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. தேவன் வீட்டில் தனியாக இருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. சாந்தினி பெண்டாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

“அவ மேல தப்பில்லண்ணே,” என்றான். “பிள்ளையப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. போர்டு வேற இருந்துச்சு. நான்தான் படிச்சேன். படிச்சிட்டும் போன் பேசப் போயிட்டேன்.”

“நீ படிச்சியா?”

“படிச்சேண்ணே. கண்ண மூடினா அந்த எழுத்துதான் தெரியுது. போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன்.”

புவனேசனுக்குப் புரிந்தது. இல்லாத ஒன்றைப் பார்த்ததாக நம்பி, இவன் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறான். இப்போது எழுந்து வந்துவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. வீடு தப்பும், பேரும் தப்பும்.

“தம்பி,” என்றார். “அந்த போர்டு அங்க இல்ல. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் நான்தான் அடிச்சேன். வேலியும் போடல. பொண்டாட்டி சொல்லியும் போடல.”

தேவன் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

“காடியில வந்தீங்களா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“வாங்க. சாந்தினிகிட்ட வந்து சொல்லுங்க.”

புவனேசன் பெண்டாங்குக்குக் காடியை ஓட்டினார். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். தேவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

சாந்தினி வாசலுக்கு வந்தாள், உட்காரச் சொல்லவில்லை. புவனேசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேலியை ஏன் போடவில்லை என்பதையும், படத்துக்காக என்பதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“படத்துல நல்லா தெரியணும்னு,” என்றாள் சாந்தினி. “நானும் அந்தப் படத்தப் பாத்துத்தான் புக் பண்ணேன். பாப்பாகிட்டயும் காட்டினேன்.”

அழவில்லை அவள். தேவன் பக்கம் திரும்பி, அவன் தாடியையும் கசங்கிய சட்டையையும் பார்த்தாள்.

“சாப்பிட்டியா?”

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

“உள்ள வா.” பிறகு புவனேசனிடம், “நீங்க போங்க. இனிமே எங்க கண்ணுல படாதீங்க,” என்றாள்.

காடிக்குள் உட்கார்ந்து யோகேஸ்வரியைக் கூப்பிட்டார். எடுத்தாள், பேசவில்லை.

“சொல்லிட்டேன்,” என்றார். “இப்ப பாலாய்க்குப் போறேன். ரிப்போர்ட்ட மாத்தணும். உன்னையும் கேப்பாங்க. நான்தான் தலையாட்டச் சொன்னேன்னு சொல்லிரு.”

“நீங்க சொல்லல,” என்றாள் யோகேஸ்வரி. “நானாத்தான் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க.”