கத்தாத கிளட்ச்

ஓய்வுபெற்ற தபால்காரரின் மோட்டார் சைக்கிள் குளிர்காலக் காலையில் கண் விழித்தால் ஊருக்கே தெரியும். கிளட்ச் அப்படிக் கத்தும். தகர டப்பாவுக்குள் நூறு கரண்டிகள் கட்டிப் புரண்டு சண்டை போடுகிற மாதிரி ஒரு கடகடப்பு. புறாக்கள் எல்லாம் பக்கத்து நாட்டுக்குக் குடிபோய்விட்டன. எதிர்வீட்டுக்காரரின் பல்செட், தம்ளருக்குள் கிடந்தபடியே பல்லைக் கடித்தது.

"எண்ணெய் குளிர்ல கெட்டியாயிடுது, அவ்வளவுதான். லீவரை நாலு தடவை பிடிச்சு விட்டு, ஒரு சுத்து ஓட்டிச் சூடாக்கினா அடங்கிடும்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தினமும் பாடம் நடத்துவார்.

"என் தம்பி கேக்குறான். வித்துத் தொலைங்க" என்பாள் மனைவி.

பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. வண்டி போனால் தன் உயிரே போனதாக அவருக்கு எண்ணம். ஆனால் மச்சினனோ குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில் ஒளிகிற ஆள். ஆகவே அவன் வண்டி பார்க்க வருவதற்கு முந்தைய இரவு தார்ப்பாயை உருவிவிட்டு, வண்டியைப் பனியில் நிறுத்தினார். காலையில் அது போடுகிற கூச்சலில் பயல் ஓடியே போவான் என்று சிரித்துக்கொண்டே தூங்கினார்.

விடிந்ததும் மச்சினன் புது ஹெல்மெட்டோடு வந்தான். இவர் ஆசையாக உதைத்தார். வண்டி, பால் குடிக்கிற பூனை மாதிரி முனகியது.

"அத்தான், இதுவா கத்துது? இப்பவே எடுத்துக்கிறேன்!" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

இன்ஜினைத் தொட்டார். விரல் சுட்டது. திரும்பினால், வாசலில் மனைவி. உடம்பில் இவருடைய மழைக்கோட்டு, தலைமுடி காற்றில் கலைந்து குருவிக்கூடு.

"நீங்கதானே தினமும் சொல்வீங்க, ஓட்டிச் சூடாக்கணும்னு? தம்பி பயந்துடக் கூடாதேன்னு, நீங்க முழிக்காம ஊர் எல்லை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஒரு சுத்து போனேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா வண்டியில பழகினது. நீங்க எங்க கேட்டீங்க?" அவள் கன்னம் சிவந்திருந்தது. "ஒரு சுத்துன்னுதான் கிளம்பினேன். பாலம் தாண்டிப் போயிட்டேங்க!"

சொல்லிக்கொண்டே தம்பி கையிலிருந்து சாவியை உருவினாள்.

"உனக்கு இது வேணாம்டா. குளிர்ல பயங்கரமாக் கத்தும்."

"சத்தமே இல்லையேக்கா!"

"நாளைக்கு வந்து கேளு."

வண்டி பிழைத்தது! தபால்காரர் துள்ளிக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினார். அதற்குள் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாயிற்று.

"பின்னாடி ஏறுங்க. இடுப்பைப் பிடிச்சுக்கலாம். ஆனா கிளட்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."