புல் மெஷினுக்குப் புது ஆயில்

புல்வெட்டும் மெஷினையே தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது என்பதால் பெஞ்சமின் அதன் ஆயில் மூடியை மட்டும் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினான். மூடியோடு சேர்ந்தே ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி இருக்கும். என்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதற்கான கம்பி. லேப்புக்குச் சாம்பிள் எடுத்துப் போகிறவர்களைப் போல வழி நெடுகப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தான். அவனே ஒரு கண்டக்டர்தான். தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி போகிற வண்டியில் பாதி ஆயுசு ஓடிவிட்டது. அன்றைக்கு அவனுக்கு ஓய்வு நாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் பையன் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணாச்சி, நெஞ்சு கிஞ்சு வலிக்கா?" என்று பதறிப்போய்க் கேட்டான். "இல்லப்பா, மெஷினுச் சாமான்" என்று பெஞ்சமின் சொன்னான். பையில் அதற்குள் கறுப்பாக ஒரு வட்டம் ஊறியிருந்தது.

கூலக்கடை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் ஜப்பார் பட்டறை வைத்திருந்தார். பம்ப்செட், மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின், எந்தச் சின்ன என்ஜினுக்கு நோவு என்றாலும் அவரிடம்தான் வந்து நிற்கும். பொட்டலத்தைப் பிரித்தவர் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து முகர்ந்தார்.

"கரியாப் போச்சு, கண்டக்டரே. இதப் போயி ஆயில்னு சொல்லப்பிடாது, மைன்னுதான் சொல்லணும்."

"மாத்தணுமா பாய்?"

"அத நான் எப்படிச் சொல்ல? நீங்கதான் சொல்லணும். இனிமே ஓட்டுவியளா?"

கேட்ட பிறகுதான் ஜப்பாருக்குத் தன் வாய் போன இடம் தெரிந்தது. போன கார்த்திகையில் பெஞ்சமினின் மகளை அடக்கம் பண்ணியபோது கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு மழையில் நின்றவர் அவர். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு தொழில் பேச்சுக்குப் போய்விட்டார். "ஓட்டுதா இருந்தா மாத்தித்தான் ஆவணும். இந்த ஆயிலோட இந்தச் சாரலுக்குப் புல் வெட்டினியன்னா என்ஜின் பிடிச்சுக்கிடும். பொறவு பழைய இரும்புக்குத்தான் போடணும். ஓட்ட மாட்டியன்னா எதுக்கு வம்பு? எங்கிட்ட தந்துருங்க. ஐந்தருவிப் பக்கம் ஒரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்காரு."

பெஞ்சமின் பஜார் வழியாகப் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாற்றினால் மெஷின் ஓடும். ஓடினால் புல் வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தப் புல்லில் போய் யார் படுப்பது? மாற்றாவிட்டால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. ஒரு சின்ன பாட்டில் ஆயிலுக்குள் இத்தனை இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

"எதுக்கும் ஒரு பாட்டில் தாங்க பாய்" என்றான்.

ஜப்பார் புது ஆயிலை எடுத்துக் கொடுத்து, வடிக்கிற விதத்தையும் சொன்னார். "அடியில திருகு கிடையாது இதுக்கு. சாய்ச்சு மூடி வாய் வழியாத்தான் வடிக்கணும். கைப்பிடிப் பக்கம் நின்னு பாத்தா உங்க வலது கைப்பக்கமாச் சாய்க்கணும். இடது பக்கம் சாய்ச்சிராதீங்க, ஆயில் பூராவும் காத்து இழுக்குற ஃபில்டருக்குள்ள போயிரும். ஆளு ஒண்ணு பிடிச்சுக்கிடச் சொல்லுங்க."

ஆளுக்கு எங்கே போவது? வீட்டில் இருந்தது ரெபேக்காள் ஒருத்திதான். அவளும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீரகேரளம்புதூரில் இருக்கும் அண்ணன் ஏசுவடியான் வீட்டுக்குப் போவதாக இருந்தாள். "கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்று சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று பெஞ்சமின் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயம். பெட்டியில் சாரலுக்குப் போர்த்துகிற சால்வையோடு கிறிஸ்துமஸுக்கு உடுத்துகிற பட்டுச் சேலையையும் மடித்து வைத்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் அரை வருஷம் கிடக்கிறது.

இலஞ்சியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் உண்டு. வாங்கும்போது நாலு வாழையும் ஒரு முருங்கையும் வைப்பதாகத்தான் பேச்சு. அதற்குள் எப்சிபா பிறந்தாள். பிறந்ததும் அவள் அழவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு அழ மறந்ததற்கு அவள் கடைசிவரை விலை கொடுத்தாள். கழுத்து நிற்கவில்லை, கால் விறைத்துக்கொண்டது, பேச்சு வரவே இல்லை. அருவியில் நனைத்தால் நரம்பு முறுக்கு விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருமுறை ஐந்தருவிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீரின் இரைச்சலிலேயே பிள்ளை வீறிட்டு நீலம் பாரித்துவிட்டாள், ஈரம் படாமலே திரும்பினார்கள். பிறகு பாளையங்கோட்டையில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண், "பச்சைப் புல்லுல கெடத்துங்க சார், உடம்புக்கு வேற வேற மாதிரி தொடல் தெரியணும்" என்றாள். வாழைக்குப் பதிலாகப் புல் வந்தது. வாழை வைக்கிற இடத்தில் எவனாவது தண்ணீர் விட்டுப் புல் வளர்ப்பானா, கண்டக்டருக்குக் கவர்னர் மாளிகை என்று நினைப்பா என்று தெருவே சிரித்தது. பெஞ்சமின் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குற்றாலத்தில் மூடிப்போன ஒரு லாட்ஜின் தோட்டத்திலிருந்து இந்தப் பழைய மெஷினை வாங்கி வந்தான். சாரல் நேரத்தில் இந்த மண்ணில் புல் கண் முன்னாலேயே வளரும். அவனும் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டிய புல்லின் மேல் போர்வை விரித்துப் படுக்கவைத்தால், எப்சி கன்னத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு வாயின் ஒரு ஓரத்தால் சிரிப்பாள். ஊரில் அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்தான்.

பதினோரு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை என்றே சொல்லலாம். எப்சி குடித்தாளா, வெளிக்குப் போனாளா, சளி இளகியதா, இன்றைக்கு யார் முழிப்பது. அடைமழையில் நெஞ்சில் சளி கட்டி, இழுத்து இழுத்து மூச்சு விட்டு அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சும் போய்விட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள், "கர்த்தர் அவளுக்கு விடுதலை குடுத்துட்டாரு, உங்களுக்குந்தான்" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த 'உங்களுக்குந்தான்' ரெபேக்காளுக்குள் எங்கே போய்க் குத்தியதோ, அன்றோடு அவள் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்து நின்றது. பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். ரெபேக்காள் பின்வாசல் படியில் உட்கார்ந்து அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். புல் வெட்டியிருந்தால் அவள் போகமாட்டாள் என்று பெஞ்சமினுக்கு ஒரு நினைப்பு. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மூழ்குகிறவன் எதைத்தான் பிடிக்கமாட்டான்?

வீட்டுக்கு வந்து ஆயில் பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். ரெபேக்காள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னது இது?"

"புல் மெஷினுக்கு. ஆயில் கரியாக் கெடக்கு. மாத்தலேன்னா என்ஜின் போயிருமாம்."

"போட்டும்."

"வெட்டாம எப்படி விட? தங்கத்தாய் ஏசுதா."

"யாருக்கு வெட்டப் போறிய?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் உலையில் அரிசியைப் போட உள்ளே போய்விட்டாள். ஏழு மாசத்தில் அவள் அவனிடம் மனசிலிருந்து கேட்ட முதல் கேள்வி. அதற்குக்கூட ஒரு பதில் சொல்லத் துப்பில்லாமல் நிற்கிறோமே என்று பெஞ்சமினுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பிலேயே பின்பக்கம் போனான். ஷெட்டிலிருந்து மெஷினை உருட்டி வந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் நிறுத்தினான். ஓட்டைப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்து அடியில் தார்ச்சீட்டுத் துண்டு ஒட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கைப்பிடியைப் பிடித்து ஒற்றை ஆளாகச் சாய்க்கப் பார்த்தான். பாதி தூக்கியதும் இடுப்பில் சுளீர் என்றது. மெஷின் நழுவித் தரையில் மோதியது. டயர் குதித்து நின்றது.

"தனியாத் தூக்காதியன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!"

அடுப்படியிலிருந்து ரெபேக்காள் ஓடி வந்துவிட்டாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "முதுகு பிடிச்சிட்டுன்னா பொறவு யாரு பாக்க? கூப்பிட்டா வரமாட்டனா?" என்றாள். அவள் குரலில் அந்தப் பழைய அதட்டல் இருந்தது. பெஞ்சமின் அதை எவ்வளவு காலமாகக் கேட்காமல் இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதிய" என்றாள்.

"இல்ல. சும்மா சாய்ச்சு வடிக்கத்தான்."

"ம்."

ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கைப்பிடிப் பக்கம் நின்று மேலே பிடித்தான். அவள் முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் குனிந்து கீழே பிடித்தாள். அவள் மூச்சை இழுத்து விட்டதுதான் அடையாளம், இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். மெஷின் ஒரு குலுக்கல் இல்லாமல் புரண்டு, சத்தமே இல்லாமல் படுத்தது. கடைசி நிமிஷத்தில் இரும்பு தரையில் இடிக்காமலிருக்க ரெபேக்காள் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்திருந்தாள். பெஞ்சமினுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்து எத்தனை காலமாயிற்று.

பேசினில் ஒன்றும் விழவில்லை.

"ஆறிப் போயிருக்குல்லா, இறங்க நேரமாவும்" என்றான். இருவரும் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்து மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபில்டர் பெட்டியின் ஓரத்துப் பிளவிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கசிந்தது. சொட்டு சொட்டாகப் பேசினுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் விழ ஆரம்பித்தது. பெஞ்சமினுக்கு விளங்கிவிட்டது.

"ரெபேக்கா, பக்கம் தப்பிட்டு."

"தப்பலியே. இடது பக்கமாத்தான..."

அவள் முடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். எப்சிக்கு வலது இடுப்பு மூட்டு விலகியிருந்தது. வலப்பக்கம் படுக்கவைத்தால் பிள்ளை துடித்துப்போவாள். முதுகு புண்ணாகாமலிருக்க மல்லாத்துவதும் திருப்புவதுமாகப் பதினோரு வருஷம், இரவும் பகலும், அவன் தோளைப் பிடிக்க அவள் இடுப்பையும் காலையும் பிடிக்க, இடப்பக்கமாகவே திருப்பியிருந்தார்கள். ஜப்பார் சொல்லி அனுப்பியது ஒரு கைக்கும் நினைவில் இல்லை. நாலு கைகளும் தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துவிட்டிருந்தன.

சட்டென்று நிமிர்த்தினால் ஃபில்டரையாவது காப்பாற்றலாம் என்று பெஞ்சமினின் புத்தி சொன்னது. கை நகரவில்லை.

ரெபேக்காள் சேலை முந்தானையை எடுத்து அந்தப் பிளவின் ஓரத்தை ஒற்றினாள். மறுபடியும் கசிந்தது. மறுபடியும் ஒற்றினாள். அழுத்தித் துடைத்தால் தோல் சிவந்துவிடும் என்று பழகிய கை, இரும்பிலும் அப்படியேதான் ஒற்றியது. வெள்ளைப் புள்ளி போட்ட அந்தச் சேலையில் கறை அகலமாகிக்கொண்டே போனது. அவள் உதடு கோணியது. கல்லறைத் தோட்டத்தில் வராத சத்தம், உறவெல்லாம் கூடி நின்றபோது வராத சத்தம், அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தங்கத்தாயின் கை நின்றுவிட்டது.

"திருப்பிருவமா?" என்று பெஞ்சமின் கேட்டான். அவனுக்கும் கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

ரெபேக்காள் தலையை அசைத்தாள்.

"வேண்டாம். கொஞ்ச நேரம் கெடக்கட்டும். இப்பத்தான படுத்துருக்கா."

சாரல் வந்துவிட்டது. முதலில் புல்லின் தலைகள் சாய்ந்தன, பிறகு சிமெண்டுத் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது. ரெபேக்காள் உள்ளங்கையை அடியிலிருந்து எடுக்காமலே முன்னால் குனிந்து மெஷினை உடம்பால் மறைத்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பெஞ்சமினும் குனிந்தான். இருவர் தலையும் முட்டிக்கொள்கிற அளவுக்கு நெருங்கின. மழை அவர்கள் முதுகில் பெய்துகொண்டிருந்தது.