இரண்டு பக்கமும் எண்ணும் மீட்டர்

சோலார் மாட்டிய பிறகு எங்கள் வீட்டுக் கரண்ட் பில் ஏறியது. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று யோசிக்க வேண்டாம், ஏறித்தான் விட்டது. நாலாயிரம் பீசோவாக இருந்தது ஏழாயிரத்தில் வந்து நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதைக் கூரைமேல் ஏற்றி ஆணியும் அடித்து வைத்திருந்தேன்.

அந்தக் காசுகூட என் கணவன் அன்செல்மோ கப்பலின் எஞ்சின் அறையில் வெந்து சம்பாதித்தது. எங்கள் இலோயிலோ மாகாணத்தில் வீட்டுக்கு ஒருவராவது கடலில் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அவன். வருடக்கணக்காக இரும்பு ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் வீங்கிப் போயின. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன், வீட்டுச் செலவு மட்டும் உன் தையல் வருமானத்துக்குள் அடங்கிவிட்டால் போதும் என்று சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் அடங்காத செலவு கரண்ட் ஒன்றுதான். அதற்காகத்தான் சோலார்.

"பில் குறைஞ்சுதா, லூடி?" போனில் அவன் முதலில் கேட்டது அதைத்தான். "இன்னும் ஒம்போது மாசத்துக்கு நீட்டிச்சுக்கோன்னு கம்பெனில கேக்கறாங்க."

"இன்னும் ஒரு மாசம் பொறு. அதுக்குள்ள எதுலயும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே" என்றேன். ஏழாயிரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள், ஊருக்குக் கரண்ட் தரும் மின்சாரக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கையடக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு என் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க, அக்கா?"

"யாரும் இல்ல. நான் மார்க்கெட்ல கடையில இருப்பேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடுவா. ராத்திரி வந்துதான் ஏசி போட்டுட்டுத் தைப்பேன்."

"அதான். பகல்ல உங்க பேனல் செய்யற கரண்ட் உங்க வீட்ல செலவாகாம லைனுக்கு வந்துடுது. உங்க கம்பத்துல இருக்கறது பழைய மீட்டர். கரண்ட் உள்ள வந்தாலும் எண்ணும், வெளிய போனாலும் எண்ணும். ரெண்டையும் நீங்க எரிச்சதாத்தான் கூட்டும்."

"நான் உங்களுக்குக் கரண்ட் குடுக்கறேன். அதுக்கு நானே காசும் கட்டறேன். அப்படித்தானே?"

"ரெண்டு பக்கமும் தனித்தனியா எண்ணற மீட்டர் மாட்டணும், அக்கா. அதுக்கு சோலார் மாட்டினவர் விண்ணப்பம் குடுக்கணும். உங்க பேர்ல எதுவும் வரலையே."

"இதுவரைக்கும் என் கூரையிலேர்ந்து வாங்கிட்டுப் போனதை?"

"அதைத் திருப்பித் தர முடியாது" என்றாள். கெட்ட பெண் இல்லை. மின்விசிறியைக் கொஞ்சம் என் பக்கமும் திருப்பினாள்.

சோலார் மாட்டினவர் டெமெத்ரியோ. என் மகள் ஜோவிலினுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவு வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆணைப் 'பாரே' என்றும் பெண்ணை 'மாரே' என்றும் கூப்பிட வேண்டும், அதன்பிறகு எதற்கும் காகிதம் கேட்கக் கூடாது. பாரேயிடம் ரசீது கேட்பதும் அவர் முகத்தில் துப்புவதும் ஒன்று. அனுமதி எங்கே, விண்ணப்பம் எங்கே என்று நானும் கேட்கவில்லை. மாட்டி முடித்த அன்று அவருக்குப் பன்றி வறுவல் செய்து போட்டதுதான் மிச்சம்.

நான் போனபோது பாரே வாசலில் உட்கார்ந்து சண்டைச் சேவலின் காலுக்கு எண்ணெய் நீவிக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பம் போட்டீங்களா, பாரே?"

"அது பெரிய அலைச்சல், மாரே. கட்டணம் வேற. அந்தச் செலவை உங்களுக்கு மிச்சம் பண்ணித் தந்தேன்ல?"

"நீங்க மிச்சம் பண்ணினது சங்கத்துக்காரனுக்கு. எனக்கு இல்ல."

"கோவப்படாதீங்க. காலையில கடைக்குக் கிளம்பறப்போ சோலார் சுவிட்சை அணைச்சுட்டுப் போங்க. பில் பழையபடி ஆயிடும்."

பகலில் சூரியனை அணைத்து வைக்கச் சொல்கிறார் மனிதர். அன்செல்மோவின் முழங்காலை விற்று வாங்கினதை மூடி வைக்கச் சொல்கிறார். வாயில் வந்ததை எல்லாம் சேவலைப் பார்த்துச் சொன்னேன். சேவல் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பாரேதான் தலையைக் குனிந்துகொண்டு, மறுநாளே விண்ணப்பம் போடுவதாகச் சொன்னார்.

வரும் வழியில் என் வெயிலை எவனோ தின்பதற்குப் பதில் நானே ஏன் தின்னக் கூடாது என்று தோன்றியது. மறுநாளிலிருந்து கடையைச் சாயங்காலம் மட்டும் திறந்தேன். கடையில் இருந்த தையல் மெஷினையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலில் ஏசி போட்டுக்கொண்டு தைத்தேன். இரவில் மின்விசிறி மட்டும். அப்படியும் மத்தியானம் கரண்ட் மிஞ்சியது. பக்கத்து வீட்டுப் பெனிங் ஊர்த் துணியெல்லாம் கூலிக்கு வெளுத்துத் தருகிறவள். அவளைக் கூப்பிட்டேன்.

"உன் வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாத்தையும் இங்க கொண்டு வா. மத்தியானம் இங்கயே போட்டுக்கோ."

"எவ்வளவு குடுக்கணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றவங்கதான் கடைசியில பெரிசாக் கேப்பாங்க" என்றாள் பெனிங். ஆனாலும் மெஷினை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதிலிருந்து என் வீட்டு முற்றம் முழுக்க யார் யாருடைய ஜட்டியோ காய்ந்தது. மேகம் வந்து வெயிலை மறைத்தால் "இஸ்திரியை நிறுத்து" என்று உள்ளேயிருந்து கத்துவேன். வெயில் வந்ததும், "எஜமானி, உங்க சூரியன் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்று அவள் நக்கலடிப்பாள். கரண்டை எவனுக்கோ கப்பம் கட்டுவதைவிட, பெனிங்கின் கேலியைக் கேட்பது எனக்கு நன்றாகவே இருந்தது.

அடுத்த பில்லில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அன்செல்மோவின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவன் கூப்பிட்டதும் நலம்கூட விசாரிக்காமல் தொகையைப் படித்தேன். மறுமுனையில் எஞ்சின் சத்தம், அதை மீறிக் கத்தினேன்.

"கேக்குதா? பாதிக்கும் கீழ. நீ வந்துடலாம்."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேனே, லூடி."

"எப்போ?"

"போன வாரம். பாரே போன் பண்ணினாரு. சோலார்ல எல்லாம் பில் குறைய வருஷக்கணக்கா ஆகும், லூடிக்கு அது புரியல, கத்தறா, நீ அவசரப்பட்டுக் கப்பலை விட்டுடாதேன்னாரு. பாரே சொல்றப்போ எப்படி நம்பாம இருக்கறது?"

அவனை மட்டும் எப்படித் திட்டுவது? நானும் அதே ஆளை அப்படித்தானே நம்பினேன்.

பில்லை எடுத்துக்கொண்டு நேராகப் பாரே வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, "விண்ணப்பம் குடுத்தாச்சு, மாரே. சீக்கிரம் புது மீட்டர் வந்துடும்" என்றார்.

"நீங்க முதல்லயே விண்ணப்பம் போடாததாலதான் பில் ஏறிச்சுன்னு அவன்கிட்டச் சொன்னீங்களா?"

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு உங்க ஞானமகள் வந்து ஆசீர்வாதத்துக்கு உங்க கையை நெத்தியில ஒத்திக்குவா. என்ன பரிசு வேணும்னு வழக்கம்போலக் கேளுங்க. அப்பா வேணும்னு சொல்லுவா. வாங்கி வையுங்க."

அவர் சேவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

புது மீட்டர் வந்துவிட்டது. இப்போது தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், சோலார் போட்டால் லாபமா என்று. லாபம்தான் என்கிறேன். பகலில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், மீட்டரை முதலில் மாற்ற வேண்டும், மாட்டுகிறவர் உங்கள் பிள்ளைக்கு ஞானத்தகப்பனே ஆனாலும் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். போட்ட பணம் நாலைந்து வருடத்தில் திரும்பி வந்துவிடும். அன்செல்மோவின் முழங்கால்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அவை கொரியாவுக்குப் பக்கத்தில் எங்கோ இன்னும் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.