ஜாடிச் சூளைக் காவல்

ஆதிநாராயணன் வித்துவான் பரீட்சையில் தேறியவர். பெண்ணாடத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் வேலை அவரைத் தேடி வந்தது. அதை வேண்டாமென்று பணிவாக எழுதிப் போட்டுவிட்டு, விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் சூளைக் காவலராகச் சேர்ந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். அக்காள் சொர்ணாம்பாள் கேள்விப்பட்ட அன்றே பஸ் ஏறி வந்தாள்.

"ஏன்டா, படிச்ச படிப்புக்கு அடுப்புக்குக் காவலா? நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"வாத்தியார் வேலைன்னா நோட்டுப் புஸ்தகமெல்லாம் வூட்டுக்கு வந்துடும்க்கா. எழுத நேரம் இருக்காது."

"எழுதி?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அக்காள், பிறகு கடிதம் போடுவதையும் குறைத்துக்கொண்டாள்.

அந்த வேலையை அவர் தேர்ந்தெடுத்த காரணம் மிக எளியது. சூளையில் நெருப்பை நிறுத்திய பிறகு, வாசலை அடைத்திருக்கும் கற்களை இரண்டு நாள் தொடக் கூடாது. உள்ளே ஜாடிகள் மெல்ல மெல்ல ஆற வேண்டும். அதுவரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை மீட்டரில் சூட்டைப் பார்த்துப் பலகையில் குறிக்க வேண்டும். எவரும் கல்லில் கை வைக்காமல் காக்க வேண்டும். மணிக்கு ஐந்து நிமிடம் கம்பெனிக்கு, மீதி ஐம்பத்தைந்தும் நாவலுக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

விழுந்த பாலிலேயே நாலு வருடம் கிடந்தார். பகல் முழுவதும் கொட்டகையில் அவரும் வெதுவெதுப்பான செங்கல் சுவரும்தான். முதல் வருடம் அந்த அமைதி இனித்தது. பிறகு மனிதர்களோடு பேசவே கூச்சம் வந்துவிட்டது. யார் எது கேட்டாலும், கேட்டவர் மனம் நோகாமலும் தம் வாக்கியம் அறுபடாமலும் இருக்க, "சரிங்க" என்று சொல்லிவைப்பார்.

"தலைய வெட்டிக்கிறேன்னு கேட்டாக்கூட, 'சரிங்க, பாத்து வெட்டுங்க'ம்பாரு நம்ம வித்வான் சாரு" என்று சூளைத் தொழிலாளி பாவாடை கேலி செய்வான். பாவாடை இன்னும் வேலை நிரந்தரமாகாத தினக்கூலி.

நாலாம் வருட ஐப்பசியில், நாவலின் பதினோராம் அத்தியாயம் மாதக்கணக்கில் நகராமல் கிடந்தது. புருஷனை விட்டு வந்த ஒருத்தி சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். இறங்கியவள் என்ன செய்தாள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு மழைநாள் முற்பகலில், திடீரென்று வாக்கியம் வந்தது. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை.

நிமிரச் செய்தது ஒரு சத்தம். சூளைக்குள்ளிருந்து "டிண்" என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும், "டிண், டிண்". வாசலின் மேல்வரிசையில் இரண்டு கற்களைக் காணவில்லை. மழைக்காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தமும் ஒரு ஜாடி.

மறுநாள் சூளையைத் திறந்தபோது பாதிக்கு மேல் விரிசல். சூப்பர்வைசர் கோவிந்தராசு பாவாடையை நிற்க வைத்துக் கேட்டார்.

"யார்ரா உன்னக் கல்ல எடுக்கச் சொன்னது?"

"பக்கத்துச் சூளைய அடைக்க ரெண்டு கல்லு கொறஞ்சுதுங்க. இது ஆறியிருக்கும்னு நெனைச்சேன். அப்பவும் வித்வான் சாரக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். 'மேல ரெண்டு கல்ல எடுத்துக்கவா சார்'னேன். சரின்னாரு."

"அவரு படிச்சவரு. சரின்னு சொல்லுவாரா? புளுகாத. இன்னியோட வேலைக்கு வராத, கெளம்பு." கோவிந்தராசு திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். இவன் கேட்டானா?"

ஆதிநாராயணனுக்கு உண்மையாகவே நினைவில்லை. கேட்ட ஞாபகம் இல்லை என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. நாற்காலி தங்கும், நாவலும் தங்கும். பாவாடை அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தம்மைப் பார்க்காமல் நிற்பதைத் தாங்க முடியாமல் அவர் தம் நோட்டைப் பிரித்தார். நேற்றைய பக்கத்தில், அவருடைய கையெழுத்தில், இப்படி இருந்தது:

'பஸ் போன பிறகும் அவள் வெள்ளாற்றுப் பாலத்தைப் பார்த்தபடி மேல ரெண்டு கல்ல நின்றுகொண்டிருந்தாள்.'

காது கேட்டதைக் கை எழுதியிருக்கிறது. நாலு வருடத்தில் அந்த நோட்டை எவரும் கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. மூடிவிட்டால் முடிந்தது.

"கேட்டாருங்க" என்றார் ஆதிநாராயணன். "தயவுசெஞ்சு இதப் படிச்சிப் பாருங்க."

கோவிந்தராசு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். தம் எழுத்தை இன்னொருவர் குரலில் ஆதிநாராயணன் கேட்பது அதுவே முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இன்னும் ஒரு வரி படிக்க மாட்டாரா என்று மனம் ஏங்கியது. கோவிந்தராசு அடுத்த வரிக்குப் போகவில்லை. பக்கத்தைக் கிழித்து, ரிப்போர்ட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

"பாவாடை, நீ போயி வேலையப் பாரு. சார், நாளையிலேருந்து நீங்க வைக்கோல் கொட்டாய்க்குப் போங்க. அங்க ரெண்டு கையும் வேலையில இருக்கும்."

வைக்கோல் கொட்டகையில், ஊர்களுக்குப் போகும் ஜாடிகள் வழியில் உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றிக் கட்ட வேண்டும். வயிற்றுக்கு மூன்று சுற்று, கழுத்துக்கு ஒன்று, பிறகு அடுத்த ஜாடி. அங்கே வேலை செய்த பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். பேச்சு அவர் பக்கம் வரும்போது மரியாதையாக நின்றுவிடும். மாலையில் அறைக்குத் திரும்பினால் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன.

ஒரு வாரம் கழித்து, பாவாடை தள்ளுவண்டியில் ஜாடிகளைக் கொண்டுவந்து இறக்கினான்.

"எதுக்கு சார் சொன்னீங்க? நான்னா மங்கலம்பேட்டையில மூட்டை தூக்கியாவது பொழச்சிக்குவேன். ஒங்களுக்கு வேற இன்னா தெரியும்?"

அவர் வைக்கோலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது போவட்டும். பஸ்ஸு போன பொறவு அந்தப் பொம்பள எங்க போனா சார்?"

ஆதிநாராயணன் கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்து, "மொதல்ல அவங்க வூட்ட வுட்டு ஏன் கெளம்புனாங்கன்னா..." என்று ஆரம்பிப்பதற்குள், சூளைப் பக்கமிருந்து பாவாடையைக் கூப்பிட்டார்கள்.

"போயிட்டு வரேன் சார்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

தொடங்கியதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த ஜாடிக்கு வைக்கோல் சுற்றியபடியே, மெல்லிய குரலில், அந்தப் பெண்ணைப் பாலத்தின் பாதி வரை நடத்திக்கொண்டு போனார்.