டிரில் மாஸ்டரின் மந்தை

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மாட்டு டாக்டர், ஆடு ஓட்டும் போட்டிகளில் கோப்பை வாங்கிய தன் பார்டர் கோலி நாயை, சேலையூர் பள்ளி டிரில் மாஸ்டர் வேதசிரோமணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். "விசில் ஊதினால் மந்தையைக் கொண்டுவந்துவிடும். பட்டிக் கதவைத் திறப்பது மட்டும்தான் உங்கள் வேலை" என்று சொல்லியிருந்தார்.

அந்த நாயோடுதான் மாஸ்டர் 1967 விளையாட்டு விழாவுக்கு வந்தார். ஓட்டப்பந்தயத்துக்கு விசில் ஊதியதும் இருபது பிள்ளைகள் ஓடினார்கள். நாயும் ஓடியது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை. வளைத்துக்கொண்டு போய் எதிரே நின்று முறைத்தது. அவ்வளவுதான், இருபதும் திரும்பி வந்து மாஸ்டரைச் சுற்றி நின்றுவிட்டன.

"என்ன சார் கூத்து இது? கப்பை யாருக்குக் குடுக்கறது?" என்றார் தலைமையாசிரியை ரத்தினபாய்.

மாஸ்டருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நாயோ, பாதி வேலை பாக்கி என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, பக்கத்திலிருந்த ஆபீஸ் ரூம் கதவைத் திறந்தார். நாய் எழுந்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். ரத்தினபாயும் போனார். பிறகு நாய் மாஸ்டரைப் பார்த்தது. அவரும் போனார்.

உள்ளே நெருக்கியடித்து நின்றபோதுதான் உறைத்தது: வெளியே விட எப்படி ஊதுவது என்று டாக்டர் சொல்லவேயில்லை.