கண்டிப்பா வாங்க

கடலோர லாட்ஜ் ஒன்றின் படத்தைப் போனில் பெரிதாக்கி என் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கட்டில், வெள்ளை விரிப்பு, சின்ன பால்கனி, அதற்கு அந்தப் பக்கம் கடல். அவர் படத்தைப் பார்க்கவில்லை, கீழே போட்டிருந்த வாடகையைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கா?"

"இல்ல, ஆயுசுக்கு" என்றேன்.

என் தம்பிகள் அவரை 'மிச்சம் மச்சான்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபம் வராது, பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சிரிப்பார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒரு பயணம் என்றால் அவருக்குப் போய்ச் சேர்வதைவிடத் திட்டம் போடுவதில்தான் ருசி. சீசன் முடிந்த மாதமா, சனி ஞாயிறு இல்லாத நாளா, ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சமாகுமா என்று வாரக்கணக்கில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அத்தனையும் பார்த்து முடித்த பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் போய் இறங்குவோம். நாத்தனார் வீடு, பெரியப்பா மகன் வீடு, பெரியப்பா மகனின் சம்பந்தி வீடு. ஆண்கள் ஹாலில் படுப்பார்கள், பெண்கள் உள் அறையில். விடிந்ததும் "நீங்க உட்காருங்க" என்பார்கள். உட்காரவா முடியும்? மலையும் அருவியும் இருக்கிற ஊர்களில் நான் அதிகம் பார்த்தது அடுத்தவர் வீட்டுச் சமையலறை ஜன்னல்களைத்தான்.

இந்த முறை எனக்குப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மருந்துக் கடை கவுன்ட்டரில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நாளெல்லாம் வாய் வலிக்கப் பேசிவிட்டு வருகிறேன். வீட்டுக்குள் நுழைந்தால் "மோட்டார் போட்டியா", "கேஸ் மூடியாச்சா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது நாலு வார்த்தை வரும். எங்களுக்குள் இன்னும் ஏதாவது மீதி இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பயமாகத்தான் இருந்தது. அதற்காகத்தான் தாழ் போட்டுக்கொள்ளும்படி ஓர் அறை வேண்டும், நாம் மட்டும் போக வேண்டும் என்று நின்றேன். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? "பால்கனி நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

"அந்த ஊர்லயா? அங்கதான் நம்ம மீசை அண்ணன் வீடு இருக்கே" என்றார்.

மீசை அண்ணன் சொந்தக்காரர்கூட இல்லை. போன வருஷம் இவருக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்து, அதை டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் வரும்வரை வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். அப்போது பக்கத்து பெட்டில் இருந்தவர். பெரிய ஆஸ்பத்திரி என்று வெளியூரிலிருந்து தனியாக வந்திருந்தார். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது என்பதால் சாயங்காலம் மணி அடித்ததும் என்னைக் கிளப்பிவிடுவார்கள். இவரும் "சாதாரண கட்டிதான், நீ போய் நிம்மதியா தூங்கு" என்று அனுப்பிவைப்பார். சாதாரண கட்டிதான் என்று பிறகு ரிசல்ட்டும் வந்தது. மீசை அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊருக்கு வந்தா லாட்ஜ் கீட்ஜுன்னு போகக் கூடாது, சொல்லிட்டேன். நம்ம வீடு இருக்கு. கண்டிப்பா வாங்க" என்றார். இப்படி யாராவது சொன்னால் நாமும் "கண்டிப்பா வர்றோம்" என்போம். சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார். அதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் மட்டும் அதை முன்பதிவு என்று எடுத்துக்கொண்டார்.

என் எதிரிலேயே போன் போட்டார். "அண்ணே, நான்தான் பேசறேன். குடும்பத்தோட உங்க ஊருக்கு வரலாம்னு..." அந்தப் பக்கம் குரல் கணீரென்று வந்தது. "அட, வாங்க தம்பி, வாங்க! இதெல்லாம் கேக்கணுமா?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. நான் லாட்ஜ் படத்தை மூடினேன்.

டயர் கடைக்கு மேலே மாடி வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இருவர் நின்றால் இடித்துக்கொள்ளும் சமையலறை. வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் புது விரிப்பு போட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் இருவரும் ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்கள். நாங்கள் வேண்டாம் என்றதற்கு, "மூச்சு விடக் கூடாது" என்று அதட்டினார் மீசை அண்ணன். கேட்டபடியே தாழ் போடும் அறை எனக்குக் கிடைத்துவிட்டது. மெல்லிய பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் வயசானவர்கள் தரையில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளே யார் என்ன பேச முடியும்?

மறுநாள் காலை டீ குடிக்கும்போதுதான் எனக்கு ஏதோ இடித்தது. மீசை அண்ணன் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் தம்பி, வேலை எல்லாம் அங்கயேதானா?"

"ஆமாண்ணே, அதே வேன்தான்."

"ஆங், வேனு, வேனு" என்று தலையாட்டினார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நம்ம இவரு எப்படி இருக்காரு?"

"யாருண்ணே?"

"அதான், எல்லாரும்தான்."

நம் பேச்சில் 'தம்பி' என்று ஒரு சொல் இருக்கிறவரைக்கும், பேரே தெரியாமல் ஒருவருக்கு வருஷக்கணக்கில் சோறு போடலாம். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மீசை அண்ணனின் மனைவி ஹால் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. நீங்க இவருக்கு எந்த வகையில வேணும்?"

"வகையெல்லாம் இல்லக்கா. ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டு."

"அய்யோ, அதுவா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன் வந்ததுலேர்ந்து யாரு யாருன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கோம். எங்க சின்ன மாமனார் வழின்னு நான் சொல்றேன், பழைய ஆபீஸ் பையன்னு இவரு சொல்றாரு. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவனைக்கூட வீட்டுக்கு வான்னுதான் சொல்லுவாரு இந்த மனுஷன். இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் கையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சிரித்து ஓய்ந்த பிறகு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். தரையில் படுத்த வலி. சுருக்கென்றது எனக்கு. லாட்ஜ் வாடகையை இந்த முறை கட்டுவது இந்த இடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் இருவரையும் மட்டும் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அக்காவின் வேலையாகத்தான் இருக்கும். சீசன் முடிந்துவிட்டதால் கடைகள் மூடிக் கிடந்தன, மணலில் ஆளே இல்லை. உட்கார்ந்ததும் இவர் ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா, என்ன மாதிரி மனுஷங்க! லாட்ஜ்ல இப்படிக் கவனிப்பானா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "நாளைக்கு லாட்ஜுக்குப் போயிடலாங்க. அந்த அக்கா பாவம், தரையில படுத்து எழுந்திரிக்க முடியல. அண்ணனுக்கு நீங்க யாருன்னே ஞாபகம் இல்ல. ரெண்டு பேரும் மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லையென்றால் வாடகையைப் பற்றி இழுப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பேரு மறந்திருப்பாரு. ஆள மறந்திருக்க மாட்டாரு."

"ஆளையும்தாங்க."

"அவ்வளவு சொன்னேனே அவர்கிட்ட" என்றார்.

"எவ்வளவு?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லாட்ஜ் காசுக்காக நான் இங்க வரல. அவரை ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. அதைச் சொன்னா நீ என்ன ஏதுன்னு கேப்ப. மிச்சம்னு சொன்னா கேக்க மாட்டே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மணி அடித்ததும் வீட்டுக்குப் போய், கண்ணை மூடாமல் கிடந்தவள் நான். காலையில் ஓடி வந்து "தூங்குனீங்களா" என்று கேட்டால் "நல்லா" என்பார். அந்த ராத்திரிகளில் யாரோ ஒருவரிடம் வாய்விட்டுப் பேசியிருக்கிறார். இவரிடம் பேச்சு இருந்திருக்கிறது, எனக்குத்தான் இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவிலேயே இன்னொன்றும் உறைத்தது. இவர் பயந்ததைக் கேட்டிருந்தது உலகத்தில் ஒரே ஓர் ஆள், அவரும் அதை மறந்துவிட்டார். பாவமாக இருந்தது. இந்த மனிதர் மீது இவ்வளவு இரக்கம் எனக்கு வந்து நாளாகிவிட்டது.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னமோ சொன்னேன் அப்ப. லைட்ட அணைச்சதும் ரெண்டு பேரும் மேல பாத்துக்கிட்டே பேசறது. மூஞ்சியப் பாத்தா வராது."

"சரி, படுங்க."

"என்னது?"

"இப்படி மணல்ல படுங்க. மேல பாருங்க."

"பைத்தியமா உனக்கு? சட்டையெல்லாம் மண்ணாயிடும்."

நான் எழுந்து, ஒரு நர்ஸ் நடந்து போகிற அளவுக்கு இடம் விட்டுத் தள்ளிப் போய், மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். மணல் இன்னும் முதுகில் சுட்டது. வானம் வெளுத்துக் கிடந்தது. அவர் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

எழுந்து போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்துச் செருப்புக்குள் போடும் சத்தம் கேட்டது. மணல் அமுங்கியது.

"முழிச்சிருக்கீங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் வாங்க போங்க என்று பேசியதே இல்லை.

"முழிச்சுதான் இருக்கேன் தம்பி. சொல்லுங்க."

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் அது நின்றுபோய், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.